ஒரே கார், இரண்டு வாரண்டி: பெங்களூரில் நல்ல காருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கலாமா?

2019 ஜூனில் டொயோட்டா கிளான்சா என்றொரு கார் விற்பனைக்கு வந்தது. புதுக் கார் என்பது பெயருக்குத்தான். மாருதி சுசுகியின் பலேனோவை எடுத்து, முன்பக்கத்தையும் சின்னத்தையும் கொஞ்சம் மாற்றி டொயோட்டா விற்றது. இன்ஜின், கியர்பாக்ஸ், ஏசி, வயரிங் எல்லாம் ஒன்றே. இரண்டுமே சுசுகியின் குஜராத் ஆலையில் தயாரானவை. ஆனால் பலேனோவுக்கு அப்போது 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர் வாரண்டி. கிளான்சாவுக்கு 3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர். ஒரே ஆலையிலிருந்து வெளியே வந்த இரண்டு வண்டிகளில், எந்தச் சின்னம் ஒட்டியிருக்கிறதோ அதைப் பொறுத்து ஒன்றுக்கு ஓராண்டு அதிகம்.

2024 ஜூலையில் மாருதியும் தன் கார்களுக்கு 3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர் என்று உயர்த்தியது. அதற்கு மேல் 4, 5, 6 ஆண்டுகள் வரை காசு கொடுத்து நீட்டிக்கவும் வழி வைத்தது. இதைத்தான் எக்ஸ்டெண்டட் வாரண்டி என்கிறார்கள். 6 ஆண்டுத் திட்டம் 1,60,000 கிலோமீட்டர் வரை. அந்த ஜூலை மாதத்தில் பலேனோவின் இன்ஜின் திடீரென்று கூடுதல் உறுதி பெற்றுவிடவில்லை. வாரண்டிக் காலம் என்பது வியாபாரத்தில் எடுக்கும் முடிவு. பக்கத்துக் கடைக்காரன் என்ன கொடுக்கிறான், வாங்குபவர் மனதில் என்ன பயம் இருக்கிறது, எவ்வளவு செலவைத் தாங்கலாம் என்றெல்லாம் பார்த்துக் கம்பெனி வைக்கும் எண் அது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கலாமா என்று கேட்டால் இரண்டு பதில்கள் உடனே வரும். “மாருதிக்கும் டொயோட்டாவுக்கும் எதற்கு? அதுபாட்டுக்கு ஓடும்” என்பார் ஒருவர். “நல்ல வண்டியாக இருந்தால் அவர்களே ஏன் விற்கிறார்கள்?” என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே காரின் குணத்தை வைத்துப் பேசுகிறார்கள். கார் நல்லதா என்பதோடு, அந்த வண்டியில் எந்தப் பாகம் போனால் உங்கள் பட்ஜெட் ஆட்டம் காணும், அதற்கு நீங்கள் இன்று கொடுக்கும் விலை நியாயமா என்பதையும் பார்த்தால்தான் பதில் கிடைக்கும். பெங்களூரில் ஓடும் காருக்கு இந்தக் கணக்கு வேறு ஊர்க் கணக்கைப் போல இருக்காது.

முதலில் அந்த விலை நம் கண்ணில் படும் விதத்தைப் பார்ப்போம். ஓசூர் ரோட்டில் எந்த ஷோரூமுக்குப் போனாலும் கொட்டேஷன் தாள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். மேலே எக்ஸ்-ஷோரூம் விலை. அதற்குக் கீழே கர்நாடகாவின் வாழ்நாள் சாலை வரி. பத்து லட்சத்தைத் தாண்டி இருபது லட்சம் வரையிலான காருக்கு 17 சதவீதம், அதன் மேல் செஸ் வேறு. 12 லட்சம் ரூபாய் காருக்கு வரி மட்டும் 2 லட்சத்துக்கு மேல் போய்விடும். பிறகு இன்ஷூரன்ஸ், பாஸ்டேக், மிதியடி, மட்கார்ட் என்று ஆக்சஸரி மூட்டை. கடைசியில் எக்ஸ்டெண்டட் வாரண்டி. இரண்டு லட்சம் வரி கட்டி நொந்துபோன கண்ணுக்கு இருபதாயிரம் ஒரு தொகையாகவே படாது. “சார், இன்னைக்கே எடுத்தா இந்த ரேட். அப்புறம் ஏறிடும்” என்று சேல்ஸ் பையன் அழகான தமிழில் சொல்வார். ஓசூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வருபவராகக்கூட இருக்கலாம். அவர் சொல்வது பொய்யில்லை, விலை ஏறத்தான் செய்யும். எவ்வளவு ஏறும் என்பதை மட்டும் அவர் சொல்ல மாட்டார்.

சரி, கணக்குக்கு வருவோம். விலை காருக்குக் கார் மாறும் என்பதால் உதாரணத்துக்கு ஒரு தொகை வைத்துக்கொள்கிறேன்: நான்காம், ஐந்தாம் ஆண்டுகளுக்கு 20,000 ரூபாய். இதில் 18 சதவீத ஜிஎஸ்டி அடக்கம், அதாவது 3,000 ரூபாய்க்குச் சற்று மேல் அரசுக்குப் போகிறது. டீலருக்கும் ஒரு பங்கு உண்டு. இல்லையென்றால் இவ்வளவு வற்புறுத்த மாட்டார்கள். மீதியிலிருந்துதான் பழுது பார்க்கும் செலவும் கம்பெனியின் லாபமும் வர வேண்டும். எனவே சராசரி வாடிக்கையாளருக்குத் திரும்பி வருவது கொடுத்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அப்படி இல்லாவிட்டால் இந்தத் திட்டத்தை யாரும் நடத்த முடியாது. அமெரிக்காவில் கன்சூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் இதழ் கார் உரிமையாளர்களிடம் எடுத்து 2014இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது: காசு கொடுத்து வாரண்டியை நீட்டித்தவர்களில் 55 சதவீதம் பேர் ஒரு பழுதுக்குக்கூட அதைப் பயன்படுத்தவில்லை.

இங்கே இன்னொரு விஷயம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. இந்த இருபதாயிரம் டெலிவரி அன்றே கையைவிட்டுப் போகிறது. வேலை செய்யத் தொடங்குவதோ மூன்று ஆண்டு கழித்து. அதே பணத்தை பேங்கில் 6.5 சதவீத வட்டிக்குப் போட்டால் மூன்று ஆண்டில் 24,000 ரூபாயைத் தாண்டும். கார் லோனில் சேர்த்துவிட்டால் கணக்கு எதிர்ப்பக்கம் ஓடும். 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டு இஎம்ஐ கட்டினால் அந்த இருபதாயிரத்துக்கு மொத்தம் கிட்டத்தட்ட 24,900 ரூபாய் கட்டியிருப்பீர்கள். ‘மாதம் 415 ரூபாய்தானே’ என்று சொல்லும்போது இது தெரியாது.

எதிர்ப்பக்கத்தில் என்ன இருக்கிறது? 80,000 ரூபாய் பிடிக்கும் ஒரு பெரிய பழுது மட்டுமே உங்கள் பயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20,000 ரூபாய் நியாயமாக வேண்டுமானால், நான்காம், ஐந்தாம் ஆண்டில் நான்கில் ஒரு காருக்கு அந்தப் பழுது வர வேண்டும். நல்ல பெயர் எடுத்த மேனுவல் பெட்ரோல் காரில் அப்படி நடப்பதில்லை. நடந்தால் அந்தப் பெயரே இருக்காது. சராசரிக் கணக்கு மட்டும்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் பதில் இங்கேயே முடிந்துவிட்டது, வாங்க வேண்டாம்.

ஆனால் யாரும் நூறு கார் வைத்திருப்பதில்லை. ஒரு கார், ஒரு சம்பளம், வீட்டு லோன், பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ். 80,000 ரூபாய் பில் வந்தால் கிரெடிட் கார்டில் போட வேண்டிய நிலையில் இருப்பவருக்கும், எடுத்துக் கொடுத்துவிட்டு மறந்துவிடக்கூடியவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. முதலாமவர் வாங்குவதில் தப்பே இல்லை. இரண்டாமவர் வாங்குவது பெரும்பாலும் நிம்மதிக்குக் கொடுக்கும் காசு. நிம்மதிக்கும் விலை உண்டுதான். அது இருபதாயிரமா என்பது அவரவர் பாடு.

இனி பெங்களூர்க் கணக்கு. வாரண்டி எப்போதும் ‘ஆண்டு அல்லது கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது’ என்றுதான் எழுதப்பட்டிருக்கும். இந்த ஊரில் ஆண்டுதான் முதலில் வரும். ஊர் ஊராகப் போக்குவரத்து நெரிசலை அளக்கும் டாம்டாம் நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி, பெங்களூரின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டர் போக சராசரியாக 28 நிமிடம் 10 நொடி ஆனது. மணிக்கு 21 கிலோமீட்டர் வேகம். நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பு வழியாகத் தினமும் போய்வருபவர்கள் இதைப் படித்துவிட்டு ‘அவ்வளவு வேகமா?’ என்று சிரிப்பார்கள். பாதி நாள் வீட்டிலிருந்து வேலை, மீதி நாள் மெட்ரோ, சனி ஞாயிறு மட்டும் கார் என்றிருப்பவருக்கு ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மதுரை, திருநெல்வேலி என்று போய்வருவதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மூன்று ஆண்டு முடியும்போது ஓடோமீட்டரில் 24,000 இருக்கும். ஒரு லட்சம் கிலோமீட்டர் வாரண்டியில் முக்கால் பங்கைத் தொடாமலேயே அது காலாவதியாகிவிடும்.

இதனால் இரண்டு விளைவுகள். ஒன்று, திட்டங்களை ஒப்பிடும்போது கிலோமீட்டர் எண்ணை விட்டுவிடலாம். டொயோட்டா 5 ஆண்டு அல்லது 2,20,000 கிலோமீட்டர் வரை நீட்டிக்கிறது. மாருதியின் 5 ஆண்டுத் திட்டம் 1,40,000 கிலோமீட்டரோடு நிற்கிறது. ஐந்து ஆண்டில் 40,000 கிலோமீட்டர் ஓட்டப்போகும் ஒருவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஹோண்டா தன் 3 ஆண்டு வாரண்டிக்குக் கிலோமீட்டர் வரம்பே இல்லை என்கிறது. அதுவும் இவருக்குப் பெரிய சலுகை இல்லை. ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி ஓட்டுபவருக்குத்தான் அந்த எண்கள் முக்கியம். அவருடையது மஞ்சள் நம்பர் பலகை போட்ட வாடகை வண்டி என்பதால் விதியே வேறாக இருக்கலாம், அதை அவர் தனியாகப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது விளைவு கொஞ்சம் நுட்பமானது. கிலோமீட்டர் ஏறவில்லை என்பதால் வண்டி உழைக்கவில்லை என்று ஆகாது. 8,000 கிலோமீட்டரை 21 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் இன்ஜின் சுமார் 380 மணி நேரம் ஓடியிருக்கும். அதே தூரத்தை நெடுஞ்சாலையில் 65 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் 125 மணி நேரம்கூட ஆகாது. மும்மடங்கு நேரம் இன்ஜின் சூட்டில் நிற்கிறது, ஏசி கம்ப்ரஸர் சுழல்கிறது, கிளட்ச் மிதிபடுகிறது, ஆயில் வேகிறது. காரோடு வரும் கையேட்டில் ‘கடுமையான சூழல்’ என்று ஒரு பகுதி இருக்கும். நின்று நின்று போகும் போக்குவரத்தும் குறுகிய தூர ஓட்டமும் அதில்தான் வரும். பெங்களூரில் ஓட்டுபவர் எல்லோருமே அந்தப் பகுதிக்காரர்கள்.

அப்படியென்றால் நான்காம் ஆண்டில் எது போகும்? வில்சன் கார்டன் பக்கம் கராஜ் வைத்திருக்கும் ஒரு கிருஷ்ணகிரிக்காரரிடம் இதைக் கேட்டபோது, பதில் சொல்லாமல் மூலையில் கிடந்த பிளாஸ்டிக் கிரேட்டைக் காலால் தள்ளிக் காட்டினார். அதில் கிழிந்த லோயர் ஆர்ம் புஷ், ஆடிப்போன லிங்க் ராடு, ஆயில் கசிந்த ஷாக் அப்சார்பர், வெடிப்பு விட்ட இன்ஜின் மவுண்ட், இரண்டு வீல் பேரிங். “இன்ஜின்ல ஒண்ணும் வர்றதில்ல சார். வர்றதெல்லாம் கீழதான். இந்த ரோட்டுக்கு எந்த வண்டி தாங்கும்?” என்றார். பல்லாரி ரோட்டையும் பாணத்தூரையும் ஒருநாளில் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கிரேட்டில் கிடந்தவற்றில் பலவற்றை எக்ஸ்டெண்டட் வாரண்டி தொடாது. ரப்பர் புஷ், பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர், பல்பு, டயர் போன்ற தேய்மானப் பாகங்கள் வழக்கமாக வெளியே நிற்கும். பேட்டரிக்கும் டயருக்கும் அவற்றைச் செய்த கம்பெனியின் தனி வாரண்டி. ஷாக் அப்சார்பர் விஷயத்தில் திட்டத்துக்குத் திட்டம் வித்தியாசம் உண்டு. உள்ளே வருபவை இன்ஜின், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங், ஆல்டர்னேட்டர், ஸ்டார்டர் மோட்டார், ஏசி கம்ப்ரஸர், கட்டுப்பாட்டு யூனிட்டுகள் போன்ற பெரிய தலைகள். ஆக, பெங்களூர் ரோடு தின்னும் பாகங்களுக்கு வாரண்டி இல்லை; வாரண்டி உள்ள பாகங்கள் நல்ல காரில் எளிதில் போவதில்லை. ‘பம்பர் டு பம்பர்’ என்று ஷோரூமில் சொல்லும் வார்த்தையை நம்பாமல், விலக்குப் பட்டியல் உள்ள பக்கத்தை மட்டுமாவது கேட்டு வாங்கிப் படிப்பது நல்லது.

இதை வைத்து வாங்கவே வேண்டாம் என்று முடித்துவிடலாம்தான். ஆனால் ‘நல்ல கார்’ என்ற பெயர் எப்போது கிடைத்தது என்று யோசிக்க வேண்டும். மாருதிக்கும் டொயோட்டாவுக்கும் ஹோண்டாவுக்கும் அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவை பழைய ஆல்ட்டோவும் குவாலிஸும் சிட்டியும். மேனுவல் கியர், டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் அல்லது முரட்டு டீசல், கண்ணாடியை ஏற்ற ஒரு பிடி. இன்று அதே பெயரில் விற்கும் காரில் தொடுதிரை, சுற்றுக் கேமரா, எல்இடி ஹெட்லைட், எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக், ஆட்டோமேட்டிக் கியர் எல்லாம் இருக்கின்றன. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 என்ற புகை மாசு விதி கட்டாயமானதும் புகைக்குழாயில் சென்சார்கள் கூடிவிட்டன. எலக்ட்ரானிக்ஸ் சமாச்சாரங்கள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுப் போவதில்லை. போனால் ரிப்பேர் செய்யாமல் யூனிட்டோடு மாற்றச் சொல்வார்கள்.

எனவே கம்பெனியின் பெயரைவிட கியர்பாக்ஸைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்வேன். மேனுவல் கியரும் டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினும் என்றால், என் கருத்தில் அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம். அதில் வரக்கூடிய பெரிய செலவு கிளட்ச். அதற்கு வாரண்டி எப்படியும் உதவாது. கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் பழைய பாணி டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கும் பொதுவாக உறுதியானது. ஏஎம்டி, அதாவது 2014இல் செலேரியோவோடு மாருதி அறிமுகப்படுத்திய வகை, அடிப்படையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சையும் கியரையும் ஒரு ஆக்சுவேட்டர் இயக்குகிறது. அந்த ஆக்சுவேட்டர் மாற்ற வேண்டி வந்தால் பில் கடிக்கும். இங்கே இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. பல்சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் சிவிடி, இரண்டு கிளட்ச் மாறி மாறி வேலை செய்யும் டூயல் கிளட்ச் என்று போனால் நான் கட்சி மாறிவிடுவேன். டூயல் கிளட்ச் கியர்பாக்ஸில் கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட்டை மாற்றும் செலவு லட்சத்தைத் தாண்டக்கூடியது. வெளிக் கராஜில் அதைத் தொடத் தயங்குவார்கள். சில்க் போர்டு ஊர்தல் அந்த வகைக் கிளட்ச்சுக்கு ஆகவே ஆகாது. டர்போ பெட்ரோலும் டூயல் கிளட்ச்சும் சேர்ந்த காரில் எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்காமல் விடுவது துணிச்சல்.

ஹைபிரிட் காரில் மக்கள் பயப்படுவது பேட்டரிக்கு. நம் பிடதி ஆலையில் தயாராகும் இன்னோவா ஹைகிராஸின் ஹைபிரிட் பேட்டரிக்கு டொயோட்டா தனியாக 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி கொடுக்கிறது. அந்தப் பயத்துக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

டீசல்காரர்களுக்கு ஒரு சொல். பிஎஸ்-6 டீசலில் புகைக் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி எரிய வேண்டுமானால் உள்ளே ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். மாரத்தஹள்ளி நெரிசலில் அந்தச் சூடு வராது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். சர்வீஸ் சென்டரில் கருவி வைத்துச் சுத்தம் செய்யக் காசு கேட்பார்கள்; ‘ஓட்டும் முறையால் வந்தது, வாரண்டியில் வராது’ என்பார்கள். அத்திப்பள்ளி தாண்டி கிருஷ்ணகிரி வரை ஒரே வேகத்தில் ஒருமுறை போய்வந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஊருக்கு அடிக்கடி போகிறோம் என்று வீட்டில் சண்டை வந்தால் சொல்ல நமக்கு ஒரு காரணமும் ஆயிற்று.

வாரண்டியோடு குழப்பிக்கொள்ளும் இரண்டு விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், அவுட்டர் ரிங் ரோடு பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியபோது பல கார்களின் இன்ஜினுக்குள் தண்ணீர் போனது. அது எந்த வாரண்டியிலும் வராது. இன்ஷூரன்ஸிலும், இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் எடுத்திருந்தால்தான் முழு மன அமைதி. பேஸ்மென்ட்டில் எலி கடித்த வயரும் வாரண்டி விஷயம் இல்லை. இந்த ஊரில் இருபதாயிரத்தில் ஒரு பகுதியையாவது இன்ஷூரன்ஸை ஒழுங்காக எடுப்பதற்குச் செலவிடலாம். அடுத்தது ரீகால். தயாரிப்பிலேயே குறை என்றால் கம்பெனி திரும்ப அழைத்து இலவசமாக மாற்றித் தர வேண்டும். அதற்கும் உங்கள் வாரண்டிக்கும் சம்பந்தமில்லை. 2020 ஜூலையில் எரிபொருள் பம்ப் சந்தேகத்தில் மாருதி 1,34,885 வேகன்ஆர், பலேனோ கார்களை அழைத்தது. 2021 செப்டம்பரில் சியாஸ், எர்டிகா, பிரெஸ்ஸா போன்றவற்றில் 1,81,754 பெட்ரோல் கார்களை மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்டுக்காக அழைத்தது. நல்ல பெயர் எடுத்த கம்பெனியில் பரவலான குறை வந்தால் அது பல நேரம் இந்த வழியிலேயே தீர்ந்துவிடுகிறது.

கொட்டேஷனில் அச்சிடாத செலவு ஒன்று இருக்கிறது. வாரண்டி உயிரோடு இருக்க வேண்டுமானால் ஒவ்வொரு சர்வீஸும் கம்பெனி அங்கீகரித்த சென்டரில், குறித்த காலத்துக்குள் நடந்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். அடிப்படை வாரண்டி முடிந்ததும் வில்சன் கார்டன் கராஜுக்கு மாறுபவர் சர்வீஸுக்கு மூவாயிரம் மிச்சம் பிடிக்கிறார் என்றால், வாரண்டியை நீட்டித்தவர் அந்த மிச்சத்தை இழக்கிறார். இரண்டு ஆண்டில் அது ஆறாயிரம். ஆக வாரண்டியின் உண்மை விலை 26,000. ‘ஏசி டிஸ்இன்ஃபெக்ஷன், இன்ஜின் டிரெஸ்ஸிங்’ என்று ஜாப் கார்டில், அதாவது சர்வீஸ் சென்டர் எழுதும் வேலைப் பட்டியலில், தானாக முளைக்கும் வரிகளை அடித்துவிடத் தெரியாதவருக்கு இன்னும் கூடும்.

இந்தக் கட்டாயம் சட்டப்படி எவ்வளவு செல்லும் என்பது சுவாரசியமான கதை. ஸ்பேர் பார்ட்ஸையும் பழுது பார்க்கும் தகவல்களையும் வெளிக் கராஜ்களுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்த உத்தரவிலேயே வாரண்டி பற்றியும் ஆணையம் சொன்னது: வெளியே சர்வீஸ் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக முழு வாரண்டியையும் ரத்து செய்யும் பொது நிபந்தனை கூடாது, வெளிக் கராஜ் செய்த தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம். கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போய்விட்டன. சர்வீஸ் சென்டர் மேஜையில் இதைச் சொன்னால் அட்வைசர் புன்னகைத்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரைப் பார்ப்பார். என் அலுவலக நண்பர் ஒருவருக்கு ஏசி கம்ப்ரஸர் போனபோது, முந்தைய சர்வீஸ் சில மாதம் தள்ளிப்போனதைக் காட்டி முதலில் மறுத்தார்கள். தாமதமான ஆயிலுக்கும் ஏசிக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் எழுத்தில் கேட்ட பிறகே பேச்சு மாறியது. ஜே.சி. ரோட்டில் கூடுதல் ஹாரன், ஃபாக் லைட் பொருத்த வயரை வெட்டினால் அதுவே மறுப்புக்கு நல்ல சாக்கு. வெட்டாமல் கப்ளர் போட்டுக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள், கொடுப்பார்கள்.

எப்போது வாங்குவது என்பதில்தான் நமக்குக் கொஞ்சம் பிடி இருக்கிறது. பெரும்பாலான கம்பெனிகளில் அடிப்படை வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் நீட்டிக்கலாம். காலம் போகப்போக விலை படிப்படியாக ஏறும், சில இடங்களில் வண்டியைப் பரிசோதித்த பிறகே தருவார்கள். முதல் நாள் விலைக்கும் மூன்றாம் ஆண்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். அந்த வித்தியாசம் சில ஆயிரம்தான் என்றால் காத்திருப்பதே லாபம். மூன்று ஆண்டில் உங்கள் வண்டியின் குணம் தெரிந்துவிடும். ஏசியில் ஏதோ சத்தம், கியர் மாறும்போது ஒரு இழுப்பு என்று ஏதாவது உறுத்தினால் அப்போது வாங்கலாம். அதற்குள் வேலை மாறி வெளிநாடு போய் வண்டியை விற்றிருக்கவும்கூடும், இந்த ஊரில் அதெல்லாம் சகஜம். வாங்கினாலும் வாங்காவிட்டாலும், மூன்றாம் ஆண்டு முடிவதற்கு ஒரு மாதம் முன்பு வண்டியைக் கொண்டுபோய், உள்ள குறைகளை எல்லாம் ஜாப் கார்டில் எழுத வைத்துவிடுங்கள். வாரண்டிக்குள் பதிவான குறை பின்னால் பெரிதானால் வாதாட அது ஆதாரம். சர்வீஸ் வரலாறு சுத்தமாக இருக்கும் வாடிக்கையாளருக்கு வாரண்டி முடிந்த சில மாதத்துக்குள் பெரிய பாகம் போனால், ‘குட்வில்’ என்று சொல்லி ஒரு பகுதிச் செலவைக் கம்பெனி ஏற்பதும் உண்டு. அது உரிமை இல்லை, கேட்டால் சில நேரம் கிடைக்கும்.

யார் பெயரில் தருகிறார்கள் என்பதையும் பாருங்கள். கார் கம்பெனி தருவது ஒன்று. டீலர் தானே அச்சடித்தோ வேறொரு நிறுவனத்தோடு சேர்ந்தோ தருவது வேறு. பின்னதில் ஒரு க்ளெய்முக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு, தேய்மானக் கழிவு, அந்த டீலரிடமே வர வேண்டும் என்ற நிபந்தனை எல்லாம் ஒளிந்திருக்கலாம். தொப்பூர் மலைப்பாதையில் வண்டி நின்றுவிட்டால் பெங்களூர் டீலரின் தாளை வைத்துக்கொண்டு சேலத்தில் என்ன செய்வது? வண்டியின் சேசிஸ் எண்ணைப் போட்டால் கம்பெனியின் ஆப்பிலேயே நீட்டித்த தேதி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கொடுத்த காசு எங்கே போனது என்று அன்றே கேளுங்கள். கம்பெனி திட்டம் என்றால் வண்டியை விற்கும்போது வாங்குபவர் பெயருக்கு மாற்றவும் பெரும்பாலும் முடியும். சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ குடிபெயர்ந்தால் சாலை வரியைத் தமிழ்நாட்டில் மறுபடி கட்டி அழ வேண்டும். வாரண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை, நாட்டில் எந்த அங்கீகரித்த சென்டரிலும் செல்லும்.

க்ளெய்மை மறுத்தால், வாயால் சொல்வதை வைத்துக்கொண்டு திரும்பி வராதீர்கள். எந்த விதியின் கீழ், எந்தக் காரணத்தால் என்று ஜாப் கார்டிலோ மின்னஞ்சலிலோ எழுதித் தரச் சொல்லுங்கள். கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு அதை அனுப்புங்கள். அதிலும் நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அப்பால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். பழுதான பாகத்தை அதுவரை சர்வீஸ் சென்டரில் விட்டுவிடாமல், பழைய பாகம் எனக்கே வேண்டும் என்று எழுதிக் கொடுத்து வாங்கி வையுங்கள்.